டிலனை நாலாவது இடத்துக்குத் தள்ளினது யாரு?

வணக்கம் சார்,

ரோலிங் ஸ்டோன்ங்கிற அமெரிக்க இசைப் பத்திரிகை 2004ல போட்ட சிறந்த 500 பாட்டு லிஸ்ட்ல அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோட 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' முதல் இடம். 2021ல அதே பத்திரிகை போட்ட லிஸ்ட்ல அதே பாட்டு நாலாவது, அரீத்தா ஃபிராங்க்ளினோட 'ரெஸ்பெக்ட்' முதல் இடம். ரெண்டுமே 60கள்ல வந்த பாட்டு, ஒரு சுரம் கூட மாறல, இடம் மட்டும் எப்படி மாறும்? பத்திரிகை விக்கிற வேலைதானே இது? அப்படியே உங்க டாப் 10ம் சொல்லிடுங்க.

கே.

அன்புள்ள கே.,

விக்கிற வேலைதான், அதுல சந்தேகமே வேணாம். ஆனா இடம் மாறினதுல மர்மம் ஒண்ணும் இல்ல, ஓட்டு போட்ட இசை நிபுணர்கள் மாறிட்டாங்க. 2004ல 172 பேர், அவங்க லிஸ்ட்ல பாதிக்கு மேல 60கள், 70கள் பாட்டுதான். 2021ல 250 பேருக்கு மேல, ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்தவங்களும் நிறைய, 254 பாட்டு புதுசா உள்ள வந்துச்சு. ஃப்ளீட்வுட் மேக்கோட 'டிரீம்ஸ்' 1977 பாட்டு, 2020ல ஒருத்தர் ஸ்கேட்போர்டுல போயிட்டே ஜூஸ் குடிச்சுகிட்டு அதுக்கு வாயசைச்ச வீடியோ உலகம் பூரா சுத்துச்சு, பாட்டு திரும்ப விற்பனை லிஸ்டுக்கே (சார்ட்) வந்துச்சு, அடுத்த வருஷம் இந்த லிஸ்ட்ல 9வது இடம். தற்செயல்னு நான் நம்பல.

சரி, நிபுணரே வேணாம், எது அதிகமா வித்துச்சோ அதுதான் பெருசுன்னு சொல்லலாமான்னா அதுவும் முடியாது. 1967ல பீட்டில்ஸ் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' ரெண்டையும் ஒரே ரெக்கார்டுல விட்டாங்க, பிரிட்டன் விற்பனை லிஸ்ட்ல அது முதல் இடத்துக்கு வரவே முடியல, ஏங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க்னு ஒருத்தரோட 'ரிலீஸ் மீ' அங்க ஆறு வாரம் நகராம உக்காந்துடுச்சு (இவர் நம்ம மதராஸ்ல பொறந்தவர், பிரிட்டிஷ் ராணுவக்காரர் பையன், அந்த வகையில பீட்டில்ஸை மறிச்ச பெருமையில நமக்கும் கொஞ்சம் பங்கு கேக்கலாம்). அந்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' 2004 லிஸ்ட்ல 76, 2021ல 7.

எனக்கு உண்மையிலயே பிடிச்ச லிஸ்ட் நெதர்லாண்ட்ஸ்ல இருக்கு. 1999லேர்ந்து அங்க ரேடியோ 2ல டாப் 2000னு நடத்துறாங்க, நேயர்கள் ஓட்டு போடுவாங்க, கிறிஸ்துமஸ்ல ஆரம்பிச்சு டிசம்பர் 31 நள்ளிரவு வரைக்கும் ராத்திரி பகலா 2000 பாட்டையும் கடைசியிலேர்ந்து முதல் வரைக்கும் போடுவாங்க. முக்கால்வாசி வருஷம் குயீனோட 'பொஹீமியன் ராப்ஸடி'தான் ஜெயிக்கும், எல்லாருக்கும் தெரியும், இருந்தும் கேப்பாங்க. 2015 நவம்பர்ல பாரிஸ் தாக்குதல் நடந்துச்சு, தாக்குதல் நடந்த இடங்கள்ல ஒண்ணான பத்தாக்லான் அரங்கத்துக்கு வெளிய ஒருத்தர் பியானோவைக் கொண்டுவந்து பீட்டில்ஸ்ல இருந்த ஜான் லெனனோட 'இமேஜின்' வாசிச்சார், அந்த டிசம்பர்ல அந்தப் பாட்டை நேயர்கள் முதல் இடத்துல வெச்சாங்க. பாட்டு அந்த ஒரு மாசத்துல திடீர்னு நல்லா ஆயிடுச்சா என்ன? அங்க யாரும் அப்படிக் கேக்கல. பத்திரிகை லிஸ்டை நாம படிச்சுட்டு திட்டுறோம், அவங்க 1,843வது பாட்டையும் முழுசா கேட்டுட்டுத் திட்டுறாங்க, எனக்கு இதுதான் மரியாதையாத் தெரியுது.

டாப் 10 எல்லாம் தரமாட்டேன், நாளைக்கே மாத்திடுவேன். ரெண்டு சொல்றேன். முதல் இடம் பீச் பாய்ஸோட 'காட் ஒன்லி நோஸ்', 1966. அமெரிக்காவுல அதை ரெக்கார்டோட பின்பக்கத்துல போட்டாங்க, 39வது இடத்தைத் தாண்டல.

ரெண்டாவது உங்க டிலன் பாட்டேதான். அதுவும் வந்தப்ப அமெரிக்காவோட பில்போர்டு லிஸ்ட்ல ரெண்டாவது இடத்தோட நின்ன பாட்டுதான், மேல பீட்டில்ஸோட 'ஹெல்ப்' இருந்துச்சு. எனக்கு அதுல ஆர்கன்தான் (பியானோ மாதிரி கட்டை வெச்ச வாத்தியம்) எல்லாம். அல் கூப்பர்னு 21 வயசுப் பையன், வேடிக்கை பாக்கக் கூப்பிட்டிருந்தாங்க, கிடார் வாசிச்சுடலாம்னு ஆசையோட வந்தவர் மைக் ப்ளூம்ஃபீல்ட் வாசிக்கிறதைக் கேட்டதும் கிடாரை உள்ள வெச்சுட்டார், அப்புறம் சத்தமில்லாம ஆர்கன்ல போய் உக்காந்துட்டார், அவருக்கு அது சரியா வாசிக்கக்கூடத் தெரியாது, மத்தவங்க அடுத்த கார்டுக்கு (chord, ஒண்ணா ஒலிக்கிற சுரக்கூட்டம்) போனதைக் கேட்டுட்டு அப்புறம்தான் கட்டையை அமுக்குறார், அதனால ஆர்கன் எப்பவும் ஒரு இழை பின்னாடியே வருது. தயாரிப்பாளர் டாம் வில்சன் இந்த ஆள் ஆர்கன்காரரே இல்லையேன்னார், டிலன் அந்த ஆர்கனை இன்னும் சத்தமா வைங்கன்னுட்டார். ஹெட்போன் போட்டு அது மட்டும் தனியா காதுல விழுதான்னு கேட்டுப் பாருங்க.