டப்பா அப்படியே திரும்பி வருகிறதா? சின்னக் குழந்தைகளின் சாப்பாடு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் நிற்கின்றன. எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்: 'பிள்ளை ஒன்றுமே சாப்பிடுவதில்லை.' அந்த 'ஒன்றுமே'வுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தவள், ஒன்றரை வயதில் கரண்டியைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்கிறாள். நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. உடம்பில் ஏதும் கோளாறா?

விளையாட்டும் தூக்கமும் வழக்கம்போல இருந்தால், பெரும்பாலும் கோளாறு இல்லை. 3 கிலோ எடையோடு பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோவைத் தொட்டுவிடும். அதே வேகத்தில் போனால் இரண்டு வயதில் 27 கிலோ இருக்க வேண்டும்! உண்மையில் இரண்டாவது ஆண்டு முழுவதும் ஏறுவது சுமார் இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. போதாததற்கு, நடக்கவும் 'வேண்டாம்' என்று சொல்லவும் இப்போதுதான் கற்றிருக்கிறாள். இரண்டையும் சாப்பாட்டு நேரத்தில்தான் பழகிப் பார்ப்பாள்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு வேலைப் பங்கீடு சொன்னார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிது, மிச்சம் கிடக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிறு தீனி, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை மணி நேரமாவது இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். தட்டில் ஒவ்வொன்றையும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் வைத்துத் தொடங்குங்கள். கேட்டால் இன்னும் போடலாம். நீங்கள் 'நாலு வாய்தான்' என்று வருந்துவது அவள் வயிற்றுக்குச் சரியான அளவாகவே இருக்கலாம்.

1928-இல் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், பால்குடி மறந்த குழந்தைகள் முன் பலவித உணவுகளை வைத்து, அவர்களே எடுத்துச் சாப்பிட விட்டதைப் பற்றி எழுதினார். ஒரு வேளை ஒன்றையே அள்ளித் தின்றார்கள், மறுவேளை அதைத் தொடவில்லை. ஆனாலும் நன்றாகவே வளர்ந்தார்கள். ஆனால் அந்தத் தட்டில் இனிப்போ பிஸ்கட்டோ கிடையாது. இதை விட்டுவிட்டு 'குழந்தைக்கே தெரியும்' என்று சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டு வயது மகன் ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் பால் குடிக்கிறான். சோற்றைத் தொடுவதில்லை. பாலாவது போகிறதே என்று விட்டுவிட்டோம்.

அந்தப் பால்தான் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாட்டிலுக்கு 200 மில்லி என்றாலே 1,200 மில்லி ஆகிவிடுகிறது. இந்த வயதுக்கு 400 முதல் 500 மில்லி போதும். 700-ஐத் தாண்டவே கூடாது. பசுவின் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பு முழுதாக ஏற்கவிடாது. கொழுகொழுவென்று இருக்கும் பால்குடிப் பிள்ளைக்கு இரத்தசோகை இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முகம் வெளிறியிருந்தாலோ, மண், சுண்ணாம்பு, பனிக்கட்டி என்று தின்றாலோ இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாட்டிலை ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். சில நாட்களுக்கு ஒன்றாகக் குறைத்து, மிச்சத்தைக் கோப்பைக்கு மாற்றுங்கள். பால் சாப்பாட்டுக்குப் பின்னால்தான். படுக்கும் நேரத்துப் பாட்டிலைக் கடைசியாக விடலாம். அதில்தான் அழுகை அதிகம். பருப்பு, முட்டை, கீரை, இறைச்சி எதைக் கொடுத்தாலும் கூடவே ஆரஞ்சு, தக்காளி மாதிரி வைட்டமின் சி உள்ளது ஏதாவது இருக்கட்டும். தாவர உணவிலுள்ள இரும்பு அப்போது கூடுதலாகச் சேரும். இரும்பு டானிக்கை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அது விஷம்.

காப்பகத்துக்குக் கொடுத்தனுப்பும் டப்பா தினமும் அப்படியே திரும்பி வருகிறது. விதவிதமாகச் செய்து அலுத்துவிட்டேன்.

சமையலை நிறுத்திவிட்டு ஒரு விடுமுறை நாளில் ஒத்திகை பாருங்கள். அதே டப்பா, அதே நேரம், ஊட்ட ஆள் இல்லை. பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். மூடியைத் திறக்க வரவில்லை. கரண்டி டப்பாவுக்குள் நிற்கவில்லை. காலையில் மெத்தென்று இருந்த சோறு மதியத்தில் கட்டியாகிவிட்டது. அல்லது பெரியவர்கள் சாப்பிடும் அளவு நிரப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்தே மலைத்துப்போகிறான்.

நான் சொல்வது மூன்றே பொருள்: கட்டாயம் சாப்பிடுவது ஒன்று, வயிறு நிறைய ஒன்று, கையால் எடுத்துக் கடிக்க ஒன்று. புது உணவின் அரங்கேற்றம் வீட்டில் நடக்கட்டும். ஒவ்வாமை வந்தால் முதல் முறை உங்கள் கண் முன்னால் வருவதே நல்லது. வேர்க்கடலை போன்றவற்றுக்கு அங்கே தடை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுத் திராட்சை ஒரு சின்னக் குழந்தையின் மூச்சுக்குழலைக் கச்சிதமாக அடைத்துவிடும். கேரட், ஆப்பிள் துண்டுகளை வேகவைத்தோ துருவியோ வையுங்கள். முழுப் பருப்புக் கொட்டைகளும் பாப்கார்னும் நாலைந்து வயது வரை வேண்டாம்.

சமைத்த உணவு அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். எனவே ஒன்று, ஃப்ளாஸ்க்கில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை நிரப்புங்கள். இல்லையென்றால் ஐஸ் பேக், அல்லது காப்பகத்துக் குளிர்பெட்டி. இரவு வெளியில் கிடந்த சோற்றைச் சூடாக்கிக் கட்டவே கூடாது. அதில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் ஒரு நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

மாலையில் 'சாப்பிட்டானா?' என்று கேட்டால் 'சாப்பிட்டான்' என்றுதான் பதில் வரும். 'எதை முதலில் எடுத்தான்? எப்போது எழுந்து போனான்?' என்று கேட்டுப் பாருங்கள்.

காப்பகத்தில் காய் சாப்பிடுகிறாளாம். வீட்டில் தொடுவதில்லை. நம்பவே முடியவில்லை.

நம்பலாம். பக்கத்தில் இருப்பவள் தின்றால் இவளும் தின்பாள். லீன் பர்ச் என்ற ஆய்வாளர் 1980-லேயே இதைக் காட்டினார்: ஒரு காய் பிடிக்காத குழந்தையை அதை விரும்பும் குழந்தைகளோடு உட்கார வைத்தபோது, அதன் விருப்பமே மாறியது. வீட்டிலும் அவளுக்குத் தனியாக ஊட்டாமல், நீங்களும் அதே காயோடு எதிரில் உட்காருங்கள்.

போன் காட்டினால்தான் வாய் திறக்கிறான். 'இன்னும் ஒரு வாய்' என்று பாட்டி கெஞ்சினால் அதக்கி வைத்துக்கொள்கிறான். காய்க்குப் பரிசாக மிட்டாய் கொடுக்கலாமா?

மிட்டாய் வேண்டாம். காய் தண்டனை, மிட்டாய் விடுதலை என்று அவனே கணக்குப் போட்டுவிடுவான். போனில் கண் இருக்கும்போது வயிறு நிறைந்தது தெரியாது. ஊட்டுகிறவர் பார்ப்பதும் கிண்ணத்தைத்தான். முதலில் ஒரு வேளைக்கு மட்டும் நிறுத்துங்கள். மூன்று நாலு நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேறு வேலை கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிடட்டும்.

புதிதாக எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறாள். எத்தனை முறைதான் கொடுப்பது?

பத்துப் பதினைந்து முறை, பட்டாணி அளவு. தொட்டாலும், முகர்ந்தாலும், நக்கித் துப்பினாலும் அதுவும் ஒரு முறைதான். பெரும்பாலோர் நாலாவது முறையிலேயே 'இவளுக்குப் பிடிக்காது' என்று எழுதிவிடுகிறார்கள்.

எப்போதுதான் பயப்பட வேண்டும்?

எடை குறைந்தால், அல்லது வளர்ச்சி வரைபடத்தில் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தால். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினால். கட்டியான எதையும் விழுங்க முடியாவிட்டால். ஏற்றுக்கொண்டிருந்த உணவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து நாலைந்தில் வந்து நின்றால், அல்லது உணவைப் பார்த்தாலே குமட்டினால். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ஒரு வாரத்துக்கு அவள் வாய்க்குள் போன எல்லாவற்றையும், பாலும் பிஸ்கட்டும் உட்பட, நேரத்தோடு எழுதி எடுத்துப் போங்கள்.