வெளிநாட்டில் பழகிய மாவு கிடைக்கவில்லை, என்ன சமைப்பது?

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து ஏழு மாதம் ஆகிறது. வயது 46, சர்க்கரையும் பிபியும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிபிக்கு டெல்மிசார்டன் எடுக்கிறேன். முன்பு பாதாம் மாவு, கடலை மாவு வைத்து மாவுச்சத்தைக் குறைத்துச் சமைப்பேன். இங்கே பழகிய பாக்கெட் எதுவும் கண்ணில் படவில்லை. மல்டிகிரெய்ன் பிரெட், சுகர் ஃப்ரீ பிஸ்கட், சோடியம் குறைந்த உப்பு என்று வாங்குகிறேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.8-லிருந்து 7.9 ஆகிவிட்டது. எங்கே தவறு, டாக்டர்?

பதில்: மாவைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்த உப்பை நிறுத்துங்கள். சோடியம் குறைந்த உப்பில் பெரும்பாலும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பிபி உள்ள பலருக்கு அது நல்லதுதான், ஆனால் நீங்கள் எடுக்கும் டெல்மிசார்டன் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கக்கூடிய மருந்து, அதோடு சர்க்கரையால் சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் பொட்டாசியம் சத்தமில்லாமல் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்து, அங்குள்ள மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சாதா உப்பே போதும், எல்லா உணவிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். பாக்கெட்டில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று மட்டும் போட்டிருந்தால் அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும்.

சரி, சர்க்கரை ஏன் ஏறியது? மல்டிகிரெய்ன் என்றால் பல தானியம் இருக்கிறது என்றுதான் பொருள், முழுத் தானியம் என்று பொருள் இல்லை. சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும், அங்கே வெறும் கோதுமை மாவு என்றிருந்தால் அது பெரும்பாலும் மைதாதான். சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும் மாவில் செய்வதுதானே, அதில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பதப்படுத்திய மாவுப்பொருள் இருந்தால் அது சர்க்கரைக்குச் சற்றும் குறையாத வேகத்தில் ஏற்றும், மால்டிடால் என்ற இனிப்பூட்டியும் ஓரளவு ஏற்றவே செய்யும்.

பெயரைத் தேடாதீர்கள், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கடலை மாவு என்பது கொண்டைக்கடலை மாவுதான், சிக்பீ ஃப்ளவர், கிராம் ஃப்ளவர், கார்பன்சோ என்று ஊருக்கு ஒரு பெயரில் இருக்கும். பாதாம் மாவு பேக்கிங் சாமான்கள் பக்கம் கிரவுண்ட் ஆல்மண்ட் என்று இருக்கலாம், இல்லாவிட்டால் உப்பு, சர்க்கரை சேராத பாதாமை வாங்கி மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி நீங்களே அரைத்துக்கொள்ளலாம், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும். ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள்: 100 கிராம் பாதாம் மாவில் நார்ச்சத்தையும் சேர்த்து சுமார் 20 கிராம் மாவுச்சத்து, கடலை மாவில் 58 கிராம்வரை இருக்கும்.

புது ஊருக்குப் போனவர்கள் பலர் தடுமாறுவது லேபிளில்தான். அமெரிக்காவில் டோட்டல் கார்போஹைட்ரேட் என்பதற்குள் நார்ச்சத்தும் அடக்கம், அதனால் பலர் அதைக் கழித்துக் கணக்குப் போடுவார்கள். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து தனியாக இருக்கும், கார்போஹைட்ரேட் எண்ணில் அது சேராது. ஐரோப்பிய லேபிளிலும் நார்ச்சத்தைக் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும், நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகச் சாப்பிட்டிருப்பீர்கள்.

புதிதாக எதை வாங்கினாலும், சாப்பிடும் முன் ஒரு தடவையும் சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து ஒரு தடவையும் குளுக்கோமீட்டரில் பாருங்கள், அந்த உணவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எந்த லேபிளையும்விட அது தெளிவாகச் சொல்லும். அங்கே மீட்டர் மில்லிமோலில் காட்டினால் 18-ஆல் பெருக்குங்கள், நம்மூர் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும், 7.8 என்றால் 140.

ஒன்று மட்டும், பழைய உணவுக்குத் திரும்பும் முன் அங்குள்ள மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிளிமிபிரைடு எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும், மாத்திரையின் அளவை அவர் குறைக்க வேண்டியிருக்கலாம். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் உடனே பாருங்கள், மில்லிகிராம் கணக்கில் 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். குளுக்கோஸ் எப்போதும் பையில் இருக்கட்டும்.