மானுக்கும் கயோட்டிக்கும் ஒரே ரைஃபிள் போதுமா? வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: வணக்கம் சார். நாங்க டெக்ஸாஸ்ல சான் அன்டோனியோல இருக்கோம், ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு வந்தாச்சு. ஆபீஸ் நண்பருக்கு லானோ பக்கம் ராஞ்ச் இருக்கு, நவம்பர்ல மான் சீசனுக்கு வாங்கன்னு என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டிருக்கார், அங்க ஆட்டுக்குட்டியைத் தூக்குற கயோட்டி தொல்லை வேறயாம். ரெண்டு துப்பாக்கி வாங்குற அளவுக்கு பட்ஜெட் இல்ல. கடையில ஒருத்தர் .308 தோட்டா போடுற ரைஃபிள்ங்கறார், இன்னொருத்தர் 6.5 கிரீட்மோர்ங்கறார், நண்பர் .223 போதும்ங்கறார். எதைத்தான் வாங்குறது?

பதில்: .243 வின்செஸ்டர் தோட்டா போடுற ரைஃபிளா வாங்குங்க சார், கண்ணை மூடிட்டு. இது ஒண்ணும் புதுசு இல்ல, 1955ல வந்தது, .308ஓட பித்தளைக் கூட்டை எடுத்து கழுத்தை மட்டும் சுருக்கி 6 மில்லிமீட்டர் புல்லட்டை உக்கார வச்சாங்க, அவ்வளவுதான். மானுக்கும் சரி குட்டி மிருகத்துக்கும் சரின்னுதான் அதை வித்தாங்க, இன்னைக்கும் அதுக்குத்தான் ஓடுது.

உங்க ஏரியா ஹில் கன்ட்ரி, அங்க ஒயிட்டெயில் மான் சின்ன உடம்பு, வடக்க மினசோட்டா பக்கம் நூறு கிலோ தாண்டுற ஆண் மான் மாதிரி கிடையாது. கயோட்டி பெரும்பாலும் பத்துல இருந்து இருபது கிலோக்குள்ள, நம்ம ஊர் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவுல ஒரு சைஸ். இந்த ரெண்டுக்கும் 100 கிரெய்ன் புல்லட், அதாவது ஆறரை கிராம், நொடிக்கு சுமார் 2,960 அடி வேகத்துல போனா தாராளம்.

இப்போ எல்லாரும் சொல்ற ஒரு யோசனையைப் பத்தி சொல்லணும். ".243ல கயோட்டிக்கு 58 கிரெய்ன் லேசான புல்லட், மானுக்கு 100 கிரெய்ன், ஒரே துப்பாக்கில ரெண்டு வேலை"ம்பாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஸ்கோப்பை 100 கிரெய்னுக்கு செட் பண்ணிட்டு 58ஐ போட்டா குண்டு வேற இடத்துல போய் விழும், மேல கீழ மட்டும் இல்ல, சில பேரல்ல பக்கவாட்டுலயும் நகரும், ஏன்னா வேற எடை வேற வேகம்னா பேரல் அதிர்ற விதமே மாறிடுது. ஒவ்வொரு தடவையும் சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போய் திரும்ப சீரோ பண்ணுவீங்களா, அதாவது ஸ்கோப் குறியும் குண்டு விழுற இடமும் ஒண்ணா வர்ற மாதிரி திருகிட்டு இருப்பீங்களா? இதைவிட மோசம், அந்த லேசான புல்லட் பட்டவுடனே சிதறணும்னே செஞ்சது, மானோட தோள்பட்டைல பட்டா மேலாப்புலயே வெடிச்சு உள்ள போகாம நின்னுடும், காயத்தோட மான் ஓடிடும், நீங்க டார்ச் அடிச்சுட்டு புதர் புதரா தேடணும். விடிகாலை அரை இருட்டுல ஜாக்கெட் பையில ரெண்டு பெட்டி தோட்டாவும் கலந்து கிடந்தா எது எதுன்னு யாருக்குத் தெரியும்!

அதனால ஒரே வகைத் தோட்டா. 95ல இருந்து 100 கிரெய்ன், மானுக்குன்னு செஞ்ச விரியுற புல்லட், ரெமிங்டன் கோர்-லாக்ட் மாதிரி சாதா பெட்டியே போதும். கயோட்டியும் அதுலயே அடங்கும், தோல்ல ஓட்டை கொஞ்சம் பெருசா விழும், தோலை விக்கப் போறவங்களுக்குத்தான் அந்தக் கவலை.

200 கஜத்துக்கு சீரோ பண்ணுங்க. அப்போ 100 கஜத்துல குறிக்கு ஒன்றரை அங்குலம் மேல விழும், 250ல மூணு அங்குலம் கீழ, 300ல ஏழெட்டு அங்குலம் கீழ. மானுக்கு நுரையீரலும் இதயமும் சேர்ந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும், 250 வரைக்கும் முன்னங்காலுக்குப் பின்னாடி நேரா வச்சு அடிக்கலாம். கயோட்டிக்கு அந்த இடம் நாலஞ்சு அங்குலம்தான், அதனால 250ல முதுகுக்கு ஒட்டினாப்புல வைங்க. அதுக்கு மேல தூரம்னா முதல் வருஷம் விட்டுடுங்க.

உங்க மனைவியும் சுடப் போறாங்கல்ல, அங்கதான் .243 ஜெயிக்குது. .30-06ங்கற பெரிய தோட்டா தோளை உதைக்கிறதுல பாதிகூட இது உதைக்காது, .308ம் இதைவிட நல்லாவே உதைக்கும். தோள் வலிக்குமேன்னு பயந்து ட்ரிகரை இழுக்கும்போது கண்ணை மூடிட்டா எந்த காலிபரும் உருப்படாது. 6.5 கிரீட்மோர் 2007ல வந்தது, நல்ல தோட்டா, நான் சண்டைக்கு வரல, பின்னாடி எல்க்குங்கற பெரிய மான் வேட்டைக்கெல்லாம் போற ஐடியா இருந்தா அதையே எடுங்க. .223 டெக்ஸாஸ்ல மானுக்கு சட்டப்படி ஓகேதான், ரிம்ஃபயர்தான், அதாவது அடி விளிம்புல அடிச்சு வெடிக்கிற .22 மாதிரி சின்னத் தோட்டாதான் கூடாது, ஆனா சரியான புல்லட், கிட்ட தூரம், அசையாத மான் எல்லாம் ஒண்ணா அமையணும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அது வேணாம்.

துப்பாக்கி ருகர் அமெரிக்கன், சேவேஜ் ஆக்ஸிஸ் மாதிரி எடுத்துட்டு மிச்சக் காசை ஸ்கோப்ல போடுங்க. நண்பர்கிட்ட .308 இருந்தா தோட்டாவைக் கலக்கவே விடாதீங்க, .243 தோட்டா .308 துப்பாக்கிக்குள்ள போயிடும், சுட்டா ஆபத்து. பேரல்ல பொறிச்சிருக்கறதையும் தோட்டாவோட அடியில பொறிச்சிருக்கறதையும் பக்கத்துல வச்சுப் படிச்சுட்டு லோடு பண்ணுங்க. அப்புறம் நீங்க 1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பிறந்தவங்கன்னா ஹன்டர் எஜுகேஷன்ங்கற வேட்டைப் பயிற்சி கோர்ஸ் முடிச்சிருக்கணும், ஆன்லைன்லயே பண்ணலாம்.

கேள்வி: நான் டென்வர். கைல .223 ஏஆர் ரைஃபிள் இருக்கு, கயோட்டிக்கு அதைத்தான் யூஸ் பண்றேன். மியூல் டீர்ங்கற மானுக்கும் அதையே எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: கூடாது. கொலராடோல மானுக்கு குறைஞ்சது .24 காலிபர் (குண்டோட குறுக்களவு, அங்குலத்துல), 70 கிரெய்னுக்குக் குறையாத விரியுற புல்லட், 100 கஜத்துல 1,000 அடி-பவுண்டு சக்தின்னு ரூல். .223 முதல் வரியிலயே அவுட். .243 அந்தக் கோட்டை ஒட்டி உள்ள வந்துடும். ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், வர்ஜீனியால .23ன்னு வச்சிருக்காங்க, அதனால டெக்ஸாஸ்காரர் பேச்சைக் கேட்டு வாங்காதீங்க, என் பேச்சையும் சேர்த்துத்தான்.

கேள்வி: நான் ஹெச்1பி, டாலஸ். துப்பாக்கியே தொடக்கூடாதுங்கறாங்க, நிஜமா?

பதில்: பாதி நிஜம். உங்க விசா மாதிரி இருக்கறவங்க துப்பாக்கி வச்சுக்கறதை ஃபெடரல் சட்டம் தடுக்குது, ஆனா செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் கைல இருந்தா விலக்கு உண்டு. கடையில துப்பாக்கி வாங்க 4473ங்கற ஃபெடரல் ஃபார்ம் நிரப்பும்போதே இதைக் கேப்பாங்க. நண்பரோட துப்பாக்கியை ரேஞ்ச்ல வாங்கிப் பார்க்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்துடுங்க. டெக்ஸாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31ஓட முடியும், துப்பாக்கி வீட்டுல இருக்கும்போது லைசென்ஸ் காலாவதி ஆனா விலக்கும் போச்சு, அதனால புதுசை முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க. உங்க கேஸ்ல வேற ஏதாவது சிக்கல் இருந்தா இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் காசு கட்டுங்க.