பாட் ஆட்ஸ் சரி, ஆனால் கால் தவறு

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன், வயது 33. நண்பர்களோடு வீட்டில் போக்கர் ஆடிப் பழகியவன். அண்மையில் மணிலா போய் ஒரு சிறிய போட்டியில் ஆடினேன். நான்கு பேர் மிச்சம். மூவருக்குத்தான் பரிசு: 50, 30, 20 விழுக்காடு. நால்வரிடமும் தலா 20,000 சிப். பிளைண்ட் (சீட்டுக்கு முன்பே இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்) 1,000-2,000, ஆன்டி (எல்லாரும் வைக்கும் கட்டாயத் தொகை) கிடையாது. ஸ்மால் பிளைண்டில் இருந்தவர் 6,000ஆக ஏற்றினார். பிக் பிளைண்டில் ஹார்ட்டின் 9, 7 வைத்திருந்த நான் கால் செய்தேன், அதாவது அதே தொகையை வைத்தேன். ஃபிளாப்பில் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில்) ஒரு ராஜாவோடு இரண்டு ஹார்ட்டின் விழுந்தது. அவர் மீதி 14,000ஐயும் ஆல்-இன் வைத்தார். பாட் ஆட்ஸ் (நான் போடும் தொகைக்கும் நடுவில் குவிந்த பாட்டுக்கும் உள்ள விகிதம்) சரியாக வந்ததால் கால் செய்தேன். ஹார்ட்டின் வரவில்லை, நான்காவதாக வெளியேறினேன். "உன் கணக்கு சரி, அதிர்ஷ்டம்தான் இல்லை" என்கிறார் ஒரு நண்பர். "பரிசுக்குள் நுழையும்வரை எல்லாவற்றையும் ஃபோல்ட் பண்ணியிருக்கணும், சீட்டைக் கைவிட்டிருக்கணும்" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? அடுத்த தடவை சாட்டிலைட் (பெரிய போட்டியில் இடத்தைப் பரிசாகத் தரும் போட்டி) ஆடவும் எண்ணம்.

பதில்: அன்புள்ள தம்பி, இரண்டு நண்பர்கள் சொல்வதும் சரியில்லை. முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். 14,000 போட்டால் மொத்தப் பாட் 40,000 ஆகும். ஆக, 35 விழுக்காடு ஜெயித்தால் போதும். இரண்டு சீட்டு வர வேண்டிய நிலையில் ஃபிளஷ் டிரா (ஒரே இனத்தில் ஐந்தாவது சீட்டுக்குக் காத்திருக்கும் கை) நிறைவேறும் வாய்ப்பும் ஏறத்தாழ 35. காசுக்கு நேரடியாக ஆடும் மேசையில் இது நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. அங்கே கால் செய்திருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் போட்டியில் சிப்பைக் காசாக மாற்ற முடியாது. எந்த இடத்தில் முடிக்கிறீர்களோ அதற்குத்தான் காசு. சிப் கணக்கைப் பரிசுக் கணக்காக மாற்ற ஐசிஎம் என்றொரு முறை இருக்கிறது. பல பேர் போட்டியிடும் பந்தயத்தில் யார் எந்த இடம் பிடிப்பார் என்று கணிக்க 1973இல் ஹார்வில் எழுதிய சூத்திரத்தை, 1987இல் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார். முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு உங்கள் சிப் பங்குக்குச் சமம். ஒருவர் முதலிடம் பிடித்தபின் மிச்சம் உள்ளவர்களுக்குள் அதே கணக்கு மறுபடியும். அவ்வளவுதான்.

மொத்தப் பரிசு 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் சமமாக இருந்தபோது உங்கள் பங்கின் மதிப்பு 2,500 வெள்ளி. கால் செய்து ஜெயித்தால் சிப் இரண்டு மடங்காகிறது, ஆனால் மதிப்பு 5,000 ஆவதில்லை, 3,833தான். தோற்றால் பூஜ்யம். ஃபோல்ட் செய்திருந்தால்? 14,000 சிப்போடு உட்கார்ந்திருக்கும் உங்கள் மதிப்பு கிட்டத்தட்ட 1,970 வெள்ளி. 1,970 வெள்ளி மதிப்பைப் பணயம் வைத்து 3,833 எடுக்க, நீங்கள் 51 விழுக்காட்டுக்கு மேல் ஜெயித்தாக வேண்டும். உங்களிடம் இருந்தது 35. அந்த ஒரு காலுக்கு நீங்கள் கொடுத்த விலை 600 வெள்ளிக்கு மேல். ஹார்ட்டின் வந்திருந்தாலும் அது தவறான கால்தான் என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

35க்கும் 51க்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளி எப்போதும் ஒரே அளவில் இருக்காது. போட்டி தொடங்கிய முதல் ஓரிரு மணி நேரம், கையில் 150, 200 பிக் பிளைண்ட் இருக்கும்போது, அது கண்ணுக்கே தெரியாது. அங்கே பாட் ஆட்ஸை அப்படியே நம்பலாம். பரிசுக் கோட்டை நெருங்க நெருங்க அது விரியும். உங்களைவிடக் குறைந்த சிப்போடு யாராவது தவித்துக்கொண்டிருந்தால் இன்னும் விரியும். இருவர் மட்டும் மிஞ்சும்போது சுத்தமாக மறைந்துவிடும், ஏனென்றால் இரண்டாம் பரிசு இருவருக்கும் ஏற்கெனவே உறுதி. நேரடி மேசையில் போனைத் தட்டிக் கணக்குப் போட முடியாது. அதனால் பபிள் (பரிசுக் கோட்டுக்குச் சற்று முந்திய கட்டம்) நெருங்கும்போது ஒவ்வொரு கைக்கும் முன்னால் யாரிடம் எவ்வளவு சிப் என்று சுற்றிப் பாருங்கள். இந்தப் பழக்கம் எந்தச் சூத்திரத்தையும்விடப் பயன்படும்.

இரண்டாவது நண்பரிடம் வருகிறேன். பிழைத்திருப்பது என்றால் கால் செய்வதைக் குறைப்பது. முதலில் பந்தயம் வைப்பதைக் குறைப்பதல்ல. பலர் குழம்புவது இங்கேதான். உங்கள் எதிராளியையே பாருங்கள். அவர் ஆல்-இன் வைத்ததும் 51 விழுக்காடு தேவைப்பட்டது உங்களுக்குத்தான். அதனால் நடுத்தரக் கைகளையெல்லாம் நீங்கள் ஃபோல்ட் செய்ய வேண்டியிருந்தது. அவர் ஜெயிக்க இரண்டு வழி: நீங்கள் ஃபோல்ட் செய்வது, அல்லது அவர் சீட்டு வெல்வது. உங்களுக்கு ஒரே வழி, சீட்டு வெல்வது. அதே டிரா அவர் கையில் இருந்து அவர் ஆல்-இன் வைத்திருந்தால் அது நல்ல ஆட்டமாகக்கூட இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஃபோல்ட் செய்பவர் இந்த ஆயுதத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார். அப்புறம் நான்கு பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு 3,000 சிப் பிளைண்டிலேயே கரையும்.

உங்கள் ஆட்டம் கெட்டது ஃபிளாப்பில் அல்ல, அதற்கு முன்னாலேயே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 10 பிக் பிளைண்ட் வைத்துக்கொண்டு அதில் மூன்றை 9, 7இல் போட்டீர்கள். அந்தக் கைக்கு நல்ல ஃபிளாப் என்றால் பெரும்பாலும் ஒரு டிரா. டிரா வந்தும் ஆல்-இன்னுக்குக் கால் செய்ய முடியாத கட்டம் என்றால், ஃபிளாப்பைப் பார்க்கவே காசு கொடுத்திருக்கக் கூடாது.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். விமான டிக்கெட், ஹோட்டல் செலவை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்ற நினைப்பு மேசையில் இருந்ததா? அந்தக் காசு போனது போனதுதான். எந்தக் கையின் கணக்கிலும் அதற்கு இடமில்லை. நுழைவுக் கட்டணம் போனால் வீட்டுச் செலவு இடிக்கும் என்றால் தயவுசெய்து பயணத்தை நிறுத்துங்கள். தேவைப்பட்டால் 1800-6668-668 என்ற சூதாட்டப் பிரச்சினை உதவி எண்ணில் பேசுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சிக்கு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் நண்பர்களோடு ஆடுவதை 2022 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஆட்டத்தை நடத்துபவர் பாட்டிலிருந்து பங்கு எடுக்கக் கூடாது. இணையத்தில் நண்பர்களோடு காசு வைத்து ஆடுவதற்கும் இந்த விலக்கு இல்லை.

சாட்டிலைட்டில் இந்த இடைவெளி உச்சத்துக்குப் போகும், அங்கே பரிசெல்லாம் ஒரே அளவு. ஐந்து இடம், ஆறு பேர் மிச்சம், ஒருவரிடம் ஒரே ஒரு பிக் பிளைண்ட். உங்களிடம் நடுத்தர சிப். அதிக சிப் உள்ளவர் தன் சீட்டைப் பார்க்காமலேயே ஆல்-இன் வைக்கிறார், உங்கள் கையில் இரண்டு ஏஸ். எந்தக் கைக்கு எதிராகவும் சராசரியாக 85 விழுக்காடு ஜெயிக்கும் சீட்டு அது. ஃபோல்ட் செய்துவிடுங்கள். ஃபோல்ட் செய்தால் இடம் அதைவிட உறுதி.