ஊரே கொண்டாடும் படம் எனக்குப் பிடிக்கவில்லையே!

கேள்வி: தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எங்கள் பேச்சு சினிமாவில்தான் போய் நிற்கும். அங்கே எனக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். காரணம், நான் சொன்ன மூன்று கருத்துகள். ‘தி லயன் கிங்’ சிம்பா ஒன்றுமே செய்யாமல் ராஜா ஆகிறான். ‘அப்’ படத்தில் முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. ‘அன்பே சிவம்’ முழுக்க உபதேசம். இதில் ‘அப்’ பற்றிச் சொன்னபோது, ‘அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அழுதுவிடுவேன்’ என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்த அக்கா ஒருவரின் முகம் வாடிவிட்டது. அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ‘நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னா, நீ மட்டும் நொட்டை சொல்லணுமா?’ என்கிறார் என் கணவர். உண்மையைச் சொன்னால், எல்லோரும் ஆஹா ஓஹோ என்று புகழும்போது எனக்கு ஒரு எரிச்சல் வருகிறது. என் ரசனையில்தான் கோளாறா? இனிமேல் தலையாட்டிவிட்டுப் போய்விடவா? வரும் ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகளோடு ‘ஃப்ரோசன்’ பார்க்க வேண்டும். ஆறு வயது. எனக்கு அந்தப் படமும் பிடிக்காது. அவளிடம் என்ன சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: ரசனையில் கோளாறு எதுவும் இல்லை சகோதரி. உங்கள் மூன்று கருத்துகளில் ஒன்றைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒன்றுக்காக உங்களோடு சண்டைக்கு வருகிறேன். இன்னொன்று எதிர்க்கட்சிக் கருத்தே கிடையாது. அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்த படம். கமல்ஹாசன் எழுதி, மதன் வசனத்தில், சுந்தர் சி. இயக்கியது. தியேட்டரில் ஓடவில்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பலர் அன்றைக்குச் சொன்னது, இன்றைக்கு நீங்கள் சொல்வதைத்தான்: ‘கிளாஸ் எடுக்கிறாங்கப்பா.’ பிறகு டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வீட்டுக்கு வீடு அந்தப் படம் மெல்ல உட்கார்ந்துகொண்டது. ‘நாம் கொண்டாடத் தவறிய படங்கள்’ என்று யார் பட்டியல் போட்டாலும் இப்போது அதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆக, அந்தப் பொங்கலுக்கு நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் ஆளும் கட்சி. இருபது வருஷம் கழித்துச் சொன்னதால் எதிர்க்கட்சி. கருத்து அதேதான், கூட்டம்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கி, உலகின் தலைசிறந்த படம் எது என்று அறிவிக்கும். 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அசையாமல் முதலிடத்தில் இருந்தது. 2012இல் அதைத் தள்ளிவிட்டு ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ வந்தது. அந்த ‘வெர்டிகோ’ 1958இல் வெளியானபோது விமர்சகர்கள் ஒன்றும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. இந்தப் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழையவே 1982 வரை ஆனது. 2022இல் அதையும் இறக்கிவிட்டு, ஒரு குடும்பத் தலைவி உருளைக்கிழங்கு உரிப்பதை மூன்று மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகக் காட்டும் ‘ழான் டீல்மன்’ மேலே ஏறியது. அதற்கு முன் அது முதல் பத்தில்கூட இருந்ததில்லை. உலகத்து விமர்சகர்களே இப்படி மாறி மாறி ஓட்டுப் போடும்போது, உங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு ஓட்டு மாறி விழுந்ததற்குப் பட்டப்பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

சரி, உபதேசம் என்ற குற்றச்சாட்டுக்கு என் தீர்ப்பைக் கேட்கிறீர்களா? பாதி சரி. வாய்க்கு வாய் ‘தென்னாடுடைய சிவனே போற்றி’ சொல்லிக்கொண்டே கெடுதல் செய்யும் நாசரின் முதலாளி, தூரிகை நிறைய மை தொட்டு வரைந்த ஆள். அங்கே எனக்கும் பாடப்புத்தக வாசனை அடித்தது. ஆனால் ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு மாதவன் ரத்தம் கொடுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அதுவரை ஊரையே அலட்சியமாகப் பார்த்த ஆள், முன்பின் தெரியாத பையன் பிழைக்கவில்லை என்றதும் உடைந்து போகிறார். கமலின் கடவுள் பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. நடந்து முடிந்ததைக் காட்டிவிட்டு அதன் மேல் பேசினால் அதை உபதேசம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அடுத்த முறை மேசையில் ‘முழுக்க உபதேசம்’ என்று சொல்லாமல் ‘அந்த முதலாளி வரும் காட்சிகள் உபதேசம்’ என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு வேறு பாதையில் போகும்.

இனி சிம்பா. 1994இல் வந்த படம் முழுக்க அவன் தானாக எடுத்த முடிவுகள் எத்தனை என்று பார்த்தால் நீங்கள் சொல்வது நியாயம்தான். உதவி தேடிக் காட்டுக்கு வருபவள் அவனுடைய பால்யத் தோழி நாலா. தலையில் தடியால் போட்டு அவனுக்குப் புத்தி சொல்வது குரங்குச் சாமியார் ரஃபிக்கி. மேகத்தில் அப்பா வேறு வர வேண்டியிருக்கிறது. அத்தனை வருஷமும், அப்பாவைக் கொன்று ராஜாவான சித்தப்பா ஸ்காரின் கொடுமையைத் தாங்கிக்கொண்டு, வற்றிப்போன நிலத்தில் வேட்டைக்கு அலைந்தவை பெண் சிங்கங்கள். புழு பூச்சி தின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவனுக்கு முடிசூட்டு விழா, அவன் பாறை மேல் ஏறும்போது மழை. நாலாவை உட்கார வைத்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது உண்டு.

ஆனாலும் அவனைச் சோம்பேறி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியவில்லை. அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டியிடம் ஸ்கார் வந்து, ‘இது உன்னால்தான் நடந்தது, ஓடிப்போ’ என்கிறானே, அந்த ஒரு வாக்கியம்தான் மிச்சப் படம். தன் கையால் அப்பா செத்தார் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளை எப்படித் திரும்பி வரும்? நீங்கள் தகுதியைப் பார்க்கிறீர்கள், படம் குற்ற உணர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படத்தை அடிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இருக்கிறது: கழுதைப்புலிகள். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவற்றை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். டிஸ்னி ஓவியர்கள் அங்கே போய்ப் பார்த்துத்தான் வரைந்தார்கள். இவற்றைக் கொஞ்சம் நல்லவிதமாகக் காட்டுங்கள் என்பது விஞ்ஞானிகளின் வேண்டுகோள். படத்தில் என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும். உண்மையில் புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது. அது அடித்ததைச் சிங்கம் வந்து பிடுங்கித் தின்பதும் சாதாரணம். படத்திலோ அவை இருட்டில் கிடக்கப் பிறந்த கூட்டம், உள்ளே விட்டால் நாடே சுடுகாடாகிவிடும். ஸ்கார் மேலே நிற்க அவை வரிசை வரிசையாக நடைபோடும் பாட்டுக்கு, நாஜிகளின் பிரசாரப் படமான ‘ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்’தான் மாதிரி. நான் வாதாடினால் சிம்பாவை விட்டுவிட்டு இங்கேதான் நிற்பேன்.

(ஒரு இடைச்செருகல். 2019இல் நிஜச் சிங்கம் மாதிரியே எடுத்த பதிப்பு தமிழில் வந்தபோது ஸ்காருக்கு அரவிந்த் சாமி குரல். குரலில் அத்தனை விஷம் இருந்தும் அந்தச் சிங்கத்தின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பழைய ஸ்கார் புருவத்தாலேயே பாதி நடித்துவிடுவான். வசூல் என்னவோ புதியதுக்குக் கொட்டியது. இது என் பங்குக்கு ஒரு எதிர்க்கட்சிக் கருத்து.)

சண்டை ‘அப்’ விஷயத்தில்தான். மனைவி எல்லியை இழந்த முதியவர் கார்ல், பலூன்களைக் கட்டி வீட்டோடு ஒரு அருவியைத் தேடிப் பறந்துபோகும் கதை. 2009 கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த படம் அது. அந்த விழா ஒரு அனிமேஷன் படத்தோடு தொடங்கியது அதுவே முதல்முறை. அதற்காக உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. கார்ல், எல்லி கல்யாண வாழ்க்கையைப் பேச்சே இல்லாமல் சில நிமிடங்களில் சொல்லிவிடும் அந்தத் தொடக்கத்துக்குப் பக்கத்தில், விமானம் ஓட்டும் நாய்கள் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிவதும் எனக்குப் புரிகிறது. வில்லன் மன்ட்ஸ் இன்னும் மோசம். கார்ல் சின்னப் பையனாகத் தியேட்டரில் உட்கார்ந்து வாய்பிளந்து பார்த்த ஆள் அவர். கார்லுக்கே இப்போது 78 வயது. அப்படியானால் இவர் எந்த வயதில் வாள் சுழற்றுகிறார்?

ஆனால் வீடு அருவிப் பக்கம் வந்து இறங்கிய பிறகு கார்ல் தனியே நாற்காலியில் உட்கார்ந்து எல்லியின் ஆல்பத்தைப் பிரிக்கிறாரே, அது உங்கள் பத்து நிமிடத்தில் இல்லை. ‘நான் செய்யப்போகிறவை’ என்று அவள் சின்ன வயதில் தலைப்பு எழுதிய பக்கம். அதற்கு மேல் வெற்றுத் தாள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் மூடிவைத்தார். இந்த முறை பக்கம் புரள்கிறது. கல்யாணப் போட்டோ, சேர்ந்து உட்கார்ந்திருக்கும் போட்டோ, வயதான காலத்துப் போட்டோ என்று அவள் ஏற்கெனவே ஒட்டி நிரப்பியிருக்கிறாள். கடைசியில், இந்தப் பயணத்துக்கு நன்றி, நீ போய் இன்னொன்றைத் தொடங்கு என்று ஒரு குறிப்பு. அடுத்து அவர் என்ன செய்கிறார்? இத்தனை தூரம் முதுகில் கட்டி இழுத்துவந்த வீட்டிலிருந்து சாமான்களைத் தூக்கி வெளியே எறிகிறார். பாரம் குறைந்து வீடு எழும்புகிறது. இரண்டு நாற்காலிகள் மட்டும் கீழே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நீங்கள் புகழும் அந்த முதல் பத்து நிமிடம் இங்கே வந்துதான் முடிகிறது. நாய்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவர் படத்துக்கு மதிப்பெண் போடவில்லை, தன் அழுகையைச் சொன்னார். நீங்கள் அதற்கு விமர்சனத்தைப் பதிலாகக் கொடுத்துவிட்டீர்கள். ‘சாம்பாரில் உப்பு தூக்கல்’ என்று சமைத்தவரிடம் சொல்லலாம். ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் தட்டைப் பார்த்து அதைச் சொல்வது வேறு. கருத்தை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. நாளைக்கே தனியாகப் பார்த்து, ‘அக்கா, அன்னைக்கு நீங்க சொல்லும்போது குறுக்கே பேசிட்டேன். உங்களுக்கு எந்த இடம் அதிகமா பிடிக்கும்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள். ஆல்பம் காட்சியைத்தான் சொல்வார் என்பது என் ஊகம். எல்லிக்குப் பதில் அவர் வேறு யாரையோ நினைத்துக்கூட அழுதிருக்கலாம். அது நமக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்த ‘எரிச்சல்’ என்ற வரி. நேர்மையாக எழுதிவிட்டீர்கள். எனக்கு என்னவோ அது படத்தின் மேல் வந்த எரிச்சலாகத் தெரியவில்லை. ‘கர்ச்சீஃபோட உட்காரு, கண்டிப்பா அழுவே’ என்று முன்கூட்டியே உத்தரவு போடுகிறவர்கள் மேல் வந்தது. ஜப்பானியப் படமான ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ அப்படித்தான் கைமாறுகிறது: போருக்கு எதிரான படம், மனசைப் பிழிந்துவிடும். 1988இல் அதை எடுத்த இசாவோ தகாஹாதாவோ, இது போர் எதிர்ப்புப் படம் இல்லை என்று பலமுறை சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை மனதில் வைத்துப் பார்த்தால் அண்ணன் செய்தாவின் வீம்பு கண்ணில் படும். பெரியம்மாவின் குத்தல் பேச்சு பொறுக்காமல், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைக் குகைக்குப் போய்விடுகிறான். யாரிடமும் போய் நிற்காத அந்த ரோஷம் அந்தக் குழந்தையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதும் அந்தப் படத்தில் இருக்கிறது. போரைப் பற்றி மட்டும் என்று ஒட்டிய லேபிளோடு பார்க்கிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். எரிச்சலோடு பார்க்கிறவர்களும்தான். பேச்செல்லாம் அடங்கிய பிறகு பாருங்கள், ஒன்றும் ஓடிப்போகாது.

எதிர்க் கருத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு ரோஜர் ஈபர்ட்டைப் பார்க்கலாம். விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் சினிமா விமர்சகர். 1986இல் டேவிட் லிஞ்சின் ‘ப்ளூ வெல்வெட்’டை மற்றவர்கள் கொண்டாடியபோது அவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். போரடிக்கிறது, ஓவர்ரேட்டட் என்றெல்லாம் எழுதவில்லை. நடிகை இசபெல்லா ரோசலினியை இவ்வளவு அவமானத்துக்கு உட்படுத்தும் காட்சிகளில் நடிக்க வைத்துவிட்டு, அதைச் சுற்றி வேடிக்கை காட்டுகிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டினார். அவரோடு உடன்படாதவர்களுக்கும் எதை மறுக்க வேண்டும் என்று தெரிந்தது. தலையாட்டவும் வேண்டாம், ‘மொக்கை’ என்று ஒரே போடாகப் போடவும் வேண்டாம். எந்த இடம், எதனால் என்று சொன்னால் போதும். உங்கள் கணவருக்கும் இதுவே பதில்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஆறு வயதுக் குழந்தை கேட்காமல் அவளிடம் விமர்சனம் எதுவும் சொல்லாதீர்கள். பாட்டு வரும்போது அவளோடு சேர்ந்து பாடுங்கள். அந்தப் பாட்டுக்கு ஒரு கதையும் உண்டு: படத்தில் பனியை வரவழைக்கும் ராணி எல்சாவை முதலில் வில்லியாகத்தான் யோசித்திருந்தார்கள். ‘லெட் இட் கோ’ பாட்டு எழுதி வந்ததும், இப்படிப் பாடுகிறவள் கெட்டவளாக இருக்க முடியாது என்று கதையையே மாற்றினார்கள். ஆனால் உங்கள் தம்பி மகள் தானாகவே, இளவரசனைப் பற்றி, ‘ஹான்ஸ் நல்லவன்தானே, திடீர்னு ஏன் கெட்டவனா ஆனான்?’ என்று கேட்டால் மழுப்பாதீர்கள். ஆரம்பத்தில் எல்சாவின் தங்கை அன்னா போன பிறகு அவன் படகோடு தண்ணீரில் விழுந்து, பக்கத்தில் ஒரு ஆள் இல்லாதபோதும் தனக்குள் சிரித்துக்கொள்ளும் இடத்துக்குப் படத்தை ஓட்டி, ‘நடிக்கிறவன் யாருமே பார்க்காதபோது எதுக்குச் சிரிக்கிறான், நீ சொல்லு?’ என்று அவளையே கேளுங்கள்.