டெரெக்கை எழுப்பச் சொல்லும் வேண்டுதல்

கேள்வி: 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரை நானும் தோழியரும் ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறோம். செம்பூரில் ரயிலேறினால் வடாலா வருவதற்குள் பேச்சு அதில்தான் வந்து நிற்கும். நாயகி மெரிடித்தின் இறந்துபோன கணவர் டெரெக் உயிரோடு திரும்ப வேண்டும், அவள் தோழி கிறிஸ்டினா சூரிச்சை விட்டு வர வேண்டும், மெரிடித்துக்கு இனியாவது நிம்மதி கிடைக்க வேண்டும். ரசிகர்களின் ஆசையை எழுதுகிறவர்கள் ஏன் காதில் போட்டுக்கொள்வதில்லை?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: போட்டுக்கொள்ளாததால்தான் நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2015 ஏப்ரலில் டெரெக் இறந்த அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். லாரி மோதி, வாய் பேச முடியாமல் அவர் கிடக்கிறார். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அந்த மூளை அறுவை நிபுணரின் மனம் சொல்வது நமக்குக் கேட்கிறது, கட்டிலைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை. ஸ்கேன் எடுக்கலாமே என்ற இளம் மருத்துவர் பென்னியின் பேச்சும் மூத்தவர் முன்னால் எடுபடவில்லை. அடுத்த சீசனில் அதே பென்னி, மெரிடித்துடன் வேலை பார்க்கும் மருத்துவர் கேலியின் காதலியாக மெரிடித்தின் வீட்டு விருந்துக்கே வந்து நிற்கிறாள்; பிறகு அவர்களுடைய மருத்துவமனையிலேயே பயிற்சிக்கும் சேருகிறாள். கணவரைக் காப்பாற்றத் தவறியவளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டிய நிலை மெரிடித்துக்கு! உங்கள் பட்டியல் அன்றே நிறைவேறியிருந்தால் அந்த விருந்து மேசை நமக்குக் கிடைத்திருக்குமா?

டெரெக் திரும்பவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020-இல் கொரோனாவில் நினைவிழந்து கிடந்த மெரிடித்தின் கனவுக் கடற்கரையில் வந்து பேசிவிட்டுத்தான் போனார். அதற்கு மேல் கேட்பது, நம் ஊர் சீரியல்களின் 'இனி இவருக்குப் பதில் இவர்' அட்டையை, கதை நடக்கும் சியாட்டிலுக்கு ஏற்றுமதி செய்வதாகும். கிறிஸ்டினாவாக நடித்த சாண்ட்ரா ஓ பத்து சீசன் முடித்து, தாமாகவே 2014-இல் விடைபெற்றவர். நிம்மதியோ, கிடைத்த மறுநாளே தொடருக்குத் திரை விழும்.

ரசிகர்களின் ஆசைக்கு இவர்கள் தாராளமாகத் தலையாட்டும் இடம் ஒன்று உண்டு. அதுதான் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் மூன்று மருத்துவ, மீட்பு நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1996-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட கட்டுரையின்படி, இதயம் நின்று நெஞ்சை அழுத்தி முதலுதவி பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் அப்போதைக்குப் பிழைத்துவிட்டார்கள். நடப்பில் அவ்வளவு பேர் பிழைப்பதில்லை. இதயத் துடிப்பின் கோடு நேராகிவிட்டவருக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பயனில்லை என்பது பயிற்சி மருத்துவருக்கும் தெரியும், ஆனால் திரையில் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மூன்று ஆசைகளில் ஒன்றுகூட நோயாளியைப் பற்றியது இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பெரிய மருத்துவமனைகள் இருக்கும் பரேல் பக்கம் போனால், ஸ்கேன் படங்களைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு நடைபாதையில் நாள்கணக்கில் காத்திருக்கும் உறவினர்களைப் பார்க்கலாம். அப்படி ஒருவரிடம் மருத்துவர் வெளியே வந்து, அவசரமில்லாமல் உட்கார்ந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் ஒரு முழு அத்தியாயத்தைக் கேட்டு எழுதுங்கள். நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன்.