பழைய அபார்த் புன்டோ வாங்கலாமா? கேட்ட விலையோடு கணக்கு முடியாது

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு ஜீவன்பீமா நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலி. வயது 34. ஐ.டி. வேலையில் கைக்கு வருவது 1.2 லட்சம், மனைவிக்கு 60,000. வாடகை, பையனின் ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து மாதம் ஒரு லட்சம் செலவு. பையனின் படிப்புக்கென்று மியூச்சுவல் ஃபண்டில் மாதாந்தர எஸ்ஐபி 30,000 போகிறது. எஃப்டியில் 9 லட்சம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு வேகன் ஆர் உண்டு. காலேஜ் நாளிலிருந்தே வேகமான சின்ன வண்டி மேல் எனக்கு ஆசை. இப்போது இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2016 ஃபியட் அபார்த் புன்டோ, கேஏ-03 பதிவு, ஒரே ஓனர், 41,000 கி.மீ., 6.75 லட்சம். இன்னொன்று 2014 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, டெல்லி நம்பர், 4.6 லட்சம். எஃப்டியில் 4 லட்சம் எடுத்துவிட்டு மீதிக்கு லோன் போடலாம் என்று நினைக்கிறேன். லோன் எதற்கு, மியூச்சுவல் ஃபண்டை எடு என்கிறார் மச்சான். இந்த வண்டிகள் இனி வராது, விலை ஏறும், இதுவும் முதலீடுதான் என்கிறான் நண்பன். எது சரி? வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: வாங்கலாம். இந்த மாதம் வேண்டாம், கடன் வாங்கியும் வேண்டாம்.

முதலில் அந்த 9 லட்சத்தைப் பிரித்துவிடுவோம். மாதச் செலவு ஒரு லட்சம் என்றால் ஆறு மாதத்துக்கு 6 லட்சம். இருவருக்கும் தனியார் வேலை, வாடகை வீடு, படிக்கிற பிள்ளை. ஐ.டி.யில் ஒரு வேலை போய் அடுத்தது அமைய எத்தனை மாதம் ஆகிறது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஆகவே அந்த 6 லட்சம் தொடக்கூடாத பணம். வண்டிக்கு என்று உங்களிடம் இருப்பது 3 லட்சம்தான். எஸ்ஐபி விஷயத்தில் மச்சான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டாவது காருக்காகப் பையனின் படிப்புப் பணத்தில் கை வைக்கிற நிலையில் நீங்கள் இல்லை.

லோன் கணக்கையும் பார்த்துவிடலாம். 2.75 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் 9,400 ரூபாய், வட்டி மட்டும் 63,000. பழைய காருக்கு இந்த அளவு வட்டி சாதாரணம். கடன் முடியும்போது வண்டிக்கு என்ன வயது இருக்கும் என்று பார்த்துத்தான் வங்கிகள் கொடுக்கும். பத்து வயது வண்டி என்றால் பல இடங்களில் கையை விரித்துவிடுவார்கள். அப்புறம் பர்சனல் லோன் பக்கம் போவீர்கள். முதல் வருடத்திலேயே பெரிய ரிப்பேர் வந்தால், இஎம்ஐ கட்டிக்கொண்டே கேரேஜ் பில்லையும் கட்ட வேண்டியிருக்கும். இந்த ரக வண்டிகளில் அது வராது என்று நம்பி இறங்கக் கூடாது.

இனி வண்டிக்கு வருவோம். டெல்லி போலோவை முதலிலேயே விட்டுவிடச் சொல்வேன். 4.6 லட்சம் கண்ணை இழுக்கிறது, புரிகிறது. டெல்லி வட்டாரத்தில் 15 வயதான பெட்ரோல் வண்டிக்கும் 10 வயதான டீசல் வண்டிக்கும் வந்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அதன் பிறகு சலுகை, திருத்தம் என்று ஏதேதோ வந்தாலும் அங்கே பழைய வண்டியின் விலை படுத்துவிட்டது. வயது ஏற ஏற அவை தெற்கே வருகின்றன. ஆனால் வேறு மாநிலப் பதிவோடு ஒரு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். கர்நாடகத்தில் இந்த வரி கடுமை: 5 முதல் 10 லட்ச ரூபாய் வண்டிக்கு அடிப்படை விகிதமே 14 சதவீதம், அதன்மேல் செஸ். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள் என்றாலும், நீங்கள் கொடுத்த 4.6 லட்சத்தை வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள். வண்டி புதிதாக விற்ற விலைதான் அடிப்படை. ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் 7.99 லட்சத்துக்கு வந்த வண்டி. அரை லட்சம் அளவில் ஒதுக்கிவிட்டு, சரியான தொகையை ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய பயம் அதன் கியர்பாக்ஸ். டிஎஸ்ஜி எனப்படும் அந்த 7 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியில் கிளட்ச் எண்ணெயில் ஊறாத உலர் வகை. ஊர்ந்து ஊர்ந்து போகிற டிராஃபிக்கில் சூடேறித் தேயும். அதை இயக்குகிற மெகாட்ரானிக் பெட்டி போனால் பில் லட்சத்தைத் தாண்டும். சில்க் போர்டு மாதிரி நெரிசல் சந்திப்புகள் உள்ள ஊரில் ஓட்டுகிறவருக்கு, முன் ஓனர் எப்படி ஓட்டினார் என்றே தெரியாத பன்னிரண்டு வயது டிஎஸ்ஜியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரி, லாரிக் கூலி, ஏஜென்ட் செலவு, கியர்பாக்ஸுக்கு ஒன்றரை லட்சம் கையிருப்பு என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள், 6.75 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அபார்த் வேறு மாதிரி. 2015 அக்டோபரில் 9.95 லட்ச ரூபாய்க்கு வந்த வண்டி, 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கியர் சாதாரண மேனுவல். பத்து வருடம் கழித்தும் 6.75 கேட்கிறார்கள் என்றால் அது ரசிகர்கள் ஏற்றிவைத்த விலை. பேரம் பேச இடமுண்டு, பேசுங்கள். உள்ளூர்ப் பதிவு, ஒரே ஓனர், இரண்டும் நல்ல அறிகுறி. மீதியை நேரில்தான் பார்க்க வேண்டும்.

காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜின் எழும்போதுதான் டாப்பெட் (வால்வு) சத்தமோ நீலப் புகையோ வெளியே தெரியும். பிறகு அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். உயர் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் இன்ஜின் மட்டும் அலறினால் கிளட்ச் முடிந்தது. மிதித்துவிட்டுக் காலை எடுக்கும்போது பின்னால் நீலமாகப் புகைத்தால் டர்போவின் சீல் மேல் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து டைமிங் பெல்ட். எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். 41,000 கி.மீ.தானே என்பார் விற்பவர். பெல்ட் ரப்பர், ஓடாமல் நின்றாலும் அதற்கு வயதாகும். பத்து வருடப் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம். மாற்றியதற்கு பில் காட்டினால் நல்லது. வாய்வார்த்தையாகச் சொன்னால் மாற்றவில்லை என்றே எண்ணி விலையில் கழியுங்கள்.

ரீமேப் செய்ததா என்று நேராகக் கேளுங்கள். இந்த வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு 145 போதாது; இன்ஜினை இயக்கும் மென்பொருளை மாற்றி இன்னும் கொஞ்சம் பிழிந்திருப்பார்கள். சத்தமான எக்ஸாஸ்ட், கூம்பு ஃபில்டர், டேஷ்போர்டில் கூடுதல் மீட்டர் எல்லாம் அதற்கான தடயம். நிறுவனம் கொடுத்த பழைய பாகங்களை மறுபடி மாட்டிவிட்டு விற்பவர்களும் உண்டு, போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட கீறல் தெரியும். எனக்கு ரீமேப் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் நிறுவனம் கொடுத்த வடிவத்திலிருந்து மாற்றிய வண்டியை இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் ஓட்டினால் கிளெய்ம் நேரத்தில் அதுவே வம்பாகும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் நம் அவுட்டர் ரிங் ரோடும் பெல்லந்தூரும் வெள்ளத்தில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். கார்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 41,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லும் வண்டியில் இரண்டாவது முறை மாற்றிய டயர் இருந்தால் மீட்டரை யாரோ பின்னால் சுற்றியிருக்கலாம்.

இதெல்லாம் பழக்கமில்லை என்றால் ஃபியட் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் கேட்பார், கொடுங்கள். உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். இதே குடும்ப இன்ஜின் லீனியா டி-ஜெட்டிலும் இருந்ததால் இன்ஜின் சாமான்களுக்கு ஓரளவு வழி உண்டு. உற்பத்தி நின்றுபோன வண்டியின் ஹெட்லைட், பம்பர், கண்ணாடி இவற்றுக்குத்தான் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜிரி (பழைய சாமான் சந்தை) என்று அலைய வேண்டி வரும். சின்ன இடி பட்டாலும் பாகம் வரும்வரை வண்டி கேரேஜில் நிற்கும். வேகன் ஆர் வீட்டில் இருப்பதால் உங்களுக்கு அது தாங்கும். இதுவே ஒரே கார் என்றால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன்.

நண்பர் சொன்ன முதலீட்டுக் கதை. ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்கும் உற்பத்தி நின்ற மாடலுக்கும் ஐடிவியை (வண்டி முழுதாகப் போனால் இன்சூரன்ஸ் தரும் உச்சத் தொகையை) நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசித் தீர்மானிக்க வேண்டும். ரசிகர் சந்தையின் விலையை அவர்கள் ஏற்பது அரிது. நீங்கள் 6.75 கொடுத்த வண்டிக்கு 3.5 லட்சம்தான் ஐடிவி என்றால், திருட்டுப் போனாலோ முழுச் சேதம் ஆனாலோ மீதி 3.25 லட்சம் உங்கள் தலையில்தான். இந்த ஓட்டையை முதலீடு என்பவர்கள் யாரும் சொல்வதில்லை. பழைமை என்ற பெயரில் சலுகையும் கிடையாது. 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் என்ற தகுதி 50 வயதைத் தாண்டிய வண்டிக்குத்தான். உங்கள் வண்டிக்கு 2031-ல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதற்கான கட்டணம் இப்போது 5,000; இருபது வயதைத் தாண்டினால் 10,000. ஆசைக்கு வாங்குங்கள், ஆசைக்கான செலவு என்றே எழுதி வையுங்கள்.

மொத்தக் கணக்கு இப்படி வரும். பேசி 6.4 லட்சத்துக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்சி மாற்றம், இன்சூரன்ஸுக்கு 35,000. வாங்கியவுடன் பெல்ட், எல்லா ஆயில்களும், பிரேக், தேவையானால் நான்கு டயர் என்று 80,000. எப்போதும் கையில் இருக்க வேண்டிய ரிப்பேர் பணம் ஒரு லட்சம். 8.5 லட்சத்தை ஒட்டி வருகிறது. உங்களிடம் 3 லட்சம் இருக்கிறது. செலவும் எஸ்ஐபியும் போக மாதம் 50,000 மிஞ்ச வேண்டும். உண்மையில் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் 11 மாதம், போனஸ் வந்தால் அதற்கும் முன்பே. மிஞ்சவில்லை என்றால், மாதம் 600 கி.மீ. ஓட்டினால் ஆகிற 6,000 ரூபாய்க்கு மேற்பட்ட பெட்ரோல் செலவு எங்கிருந்து வரும் என்று பாருங்கள். ஊர் டிராஃபிக்கில் இது லிட்டருக்குப் பத்து கொடுத்தால் பெரிது. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய வண்டிகள் பெரும்பாலும் அதற்காகச் செய்யப்படாதவை என்பதால் எரிபொருள் குழாய்களையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

காகித வேலை கொஞ்சம்தான். அரசின் வாஹன் இணையதளத்தில் ஆர்சி விவரம், பாக்கி சலான், வங்கிக் கடன் பதிவு மூன்றையும் பாருங்கள். கடன் முடிந்தும் ஆர்சியில் வங்கியின் பெயர் நீக்கப்படவில்லை என்றால் வங்கியின் என்ஓசியும், அதை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வரும்வரை பணம் தராதீர்கள். சேஸி எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம், செக்கப்பில் தேறாவிட்டால் திருப்பித் தருவேன் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு, அபராதம் வாங்கியவருக்கு. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடும்.

அதுவரை இந்த வண்டி இருக்குமா என்று கேட்பீர்கள். போனால் போகட்டும், இன்னொன்று விற்பனைக்கு வரும். இடையில் ஒரு மாருதி பலேனோ ஆர்எஸ் ஓட்டிப் பாருங்கள். 2017-ல் வந்த 1.0 லிட்டர் டர்போ, சுமார் 100 குதிரைத்திறன். இன்ஜின் இறக்குமதி என்றாலும் வெளிப்புறச் சாமான் பெரும்பாலும் சாதாரண பலேனோவுடையது. அபார்த்துக்குத் தேடுகிற மாதிரி தேட வேண்டாம், கேட்கிற விலையும் பொதுவாகக் குறைவு. அதில் உங்கள் ஆசை அடங்கிவிட்டால் 11 மாதம் என்பது ஐந்தாறு மாதமாகச் சுருங்கிவிடும்.